இனப்படுகொலை, கூட்டு வன்முறை பற்றிய மானுடவியல்: எஸ்.டி.பி.எம். முடித்த தங்கைக்கு எது வழி?

பால்மரத்தான் (சுங்கை சிப்புட், பேராக்)

வணக்கம். என் தங்கை எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டாள். வரலாற்றிலும் தமிழிலும் நல்ல தேர்ச்சி. ஆசிரியர் பயிற்சிக்குப் போகச் சொல்லி வீட்டில் ஒரே பிடியாக இருக்கிறார்கள். அவள் மானுடவியல்தான் படிப்பேன், அதிலும் இனப்படுகொலை, கூட்டு வன்முறை ஆய்வுதான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். கம்போடியா பற்றிக் கிடைப்பதையெல்லாம் படிக்கிறாள். இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் ஜப்பான் காலத்தில் பர்மாவுக்கு ரயில் பாதை போடச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) பிடித்துப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிறகு அதையே ஆய்வாக எடுக்கலாமா என்றும் கேட்கிறாள்.

இந்தத் துறையில் இருப்பவர் உண்மையில் என்ன வேலை செய்கிறார்? எலும்பு தோண்டுவதா, பேட்டி எடுப்பதா, கோர்ட்டில் சாட்சி சொல்வதா? எங்கே படிப்பது, எத்தனை வருஷம், சோறு போடுமா? சயாம் ரயிலை இனப்படுகொலை என்று சொல்லி ஆய்வுக்கு எடுக்க முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "தன்னம்பிக்கை இருந்தால் எதுவும் முடியும்" வகைப் பதில் வீட்டிலேயே நிறைய இருக்கிறது.

கள ஏடு

தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். அதில் தடுமாறித்தான் பல ஆய்வுத் திட்டங்கள் முதல் நேர்முகத்திலேயே கவிழ்கின்றன.

1948 டிசம்பர் 9-இல் ஐ.நா. ஏற்ற இனப்படுகொலை உடன்படிக்கையில் மலேசியா 1994-இல் சேர்ந்தது. தேசம், இனக்குழு, இனம், சமயம் என்ற நான்கு அடிப்படையில் அமைந்த குழுக்களை மட்டுமே அது கணக்கில் எடுக்கிறது. அப்படிப்பட்ட ஒரு குழுவை முழுதாகவோ ஒரு பகுதியையோ அழிக்கும் நோக்கம் இருந்தது என்று நிறுவ வேண்டும். எத்தனை பேர் செத்தார்கள் என்பது அங்கே அடுத்த கேள்விதான். சயாம்–பர்மா பாதை 415 கிலோமீட்டர். 1942-இன் நடுவில் தொடங்கிய வேலை, 1943 அக்டோபர் 17-இல் இரு முனையும் சேர்ந்ததும் முடிந்தது. ஜப்பான் ராணுவத்துக்கு வேண்டியிருந்தது பர்மாவுக்கு ஒரு தண்டவாளம். தமிழர், மலாய்க்காரர், சீனர், ஜாவாக்காரர், பர்மியர் என்று கையில் சிக்கியவரையெல்லாம் அள்ளிப் போட்டார்கள். ஒருவர் செத்தால் அடுத்த ஆளைக் கொண்டுவந்தார்கள். அது கட்டாய உழைப்பு, போர்க்குற்றம், மானுடத்துக்கு எதிரான குற்றம். தமிழர் என்பதற்காகவே தமிழரை ஒழிக்கும் திட்டம் இருந்தது என்று காட்டுவது மிகக் கடினம். தலைப்பிலேயே இனப்படுகொலை என்று வைத்துவிட்டால், ஆய்வுக்காலம் முழுக்க அந்தத் தலைப்புக்கு வக்காலத்து வாங்கியே கழிந்துவிடும்.

உங்கள் தங்கை படித்துவரும் கம்போடியா விஷயத்திலும் இதே சிக்கல்தான். 1975 ஏப்ரல் 17 முதல் 1979 ஜனவரி 7 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் 15 முதல் 20 லட்சம் பேர் மாண்டார்கள். பெரும்பாலும் கெமர் மக்களே கெமர் மக்களைக் கொன்றார்கள், பட்டினி போட்டார்கள். 2018 நவம்பரில் சிறப்பு நீதிமன்றம் இனப்படுகொலை என்று தீர்ப்பளித்தது வியட்நாமியர், சாம் முஸ்லிம்கள் தொடர்பான கொலைகளுக்கு மட்டும்தான். மற்றவை வேறு குற்றத் தலைப்புகளில் வந்தன. மானுடவியலாளர் சட்டத்தின் எல்லைக்குள்ளேயே நிற்க வேண்டியதில்லை. ஆனால் எல்லை எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் எழுதினால் முதல் பரீட்சகரே கிழித்துத் தொங்கவிடுவார்.

இனி வேலை என்ன என்று பார்ப்போம். அமெரிக்கரான அலெக்சாண்டர் ஹின்டன் 1990-களில் கம்போடியக் கிராமங்களில் தங்கிக் கள ஆய்வு செய்தவர். சாதாரணக் குடியானவன் எப்படிக் கொலையாளி ஆனான் என்பது அவருடைய கேள்வி. பகை, மானம், எசமான்-ஆள் உறவு பற்றிக் கெமர் மக்களிடம் முன்பே இருந்த எண்ணங்களை கெமர் ரூஜ் எப்படித் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டது என்று பார்த்தார். பிறகு சிறைத் தலைவன் டுய்க்கின் வழக்கைத் தொடர்ந்து கவனித்து எழுதினார். 2016-இல் அதே நீதிமன்றத்தில் நிபுணர் சாட்சியாக ஏறினார். மொழி, களம், எழுத்து, கற்பித்தல் எல்லாம் கடந்து கடைசியில் சில நாள் கோர்ட். கோர்ட் என்பது வாழ்க்கைத் தொழிலில் ஒரு சின்னத் துண்டு. பெரும்பாலான நாள் வகுப்பிலும், பேட்டியை எழுத்தாக்குவதிலும், நிதிக்கு விண்ணப்பம் எழுதுவதிலும் போகும்.

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் இலங்கையில் பிறந்த வாலன்டைன் டேனியல். தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் நாட்டுப்பாடல்களைத் திரட்டத்தான் 1983-இல் இலங்கைக்குப் போனார். ஜூலைக் கலவரம் முடிந்த சூட்டில் போய் இறங்கியதால், மக்கள் பாட்டை விட்டுவிட்டு நடந்ததைப் பேசினார்கள். ஆய்வு வன்முறையின் பக்கம் திரும்பியது. திட்டம் இப்படித் தடம் மாறுவது இந்தத் துறையில் அடிக்கடி நடப்பது.

படிப்பு: மலாயாப் பல்கலைக்கழகம், யூகேஎம், யூஎஸ்எம் மூன்றிலும் மானுடவியலும் சமூகவியலும் சேர்ந்தே இருக்கும். அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூபியூ விண்ணப்பத்தில் அதைப் போடலாம். இளங்கலை 3 முதல் 4 ஆண்டு, முதுகலை 1 முதல் 2. முனைவர் பட்டம் இங்கேயும் இங்கிலாந்திலும் 3 முதல் 5. அமெரிக்காவில் 6 முதல் 8 ஆகும், ஆனால் அங்கே முதுகலை இல்லாமலே நேராக விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தால் பெரும்பாலும் கட்டணத்தோடு படித்தொகையும் வரும். ஆக, முழு ஆய்வாளர் ஆக 7 முதல் 12 ஆண்டு என்று வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள். இளங்கலையிலேயே இனப்படுகொலை என்று தனிப்பட்டம் தேட வேண்டாம். பொதுவான மானுடவியலில் உறவுமுறை, சடங்கு, பொருளாதாரம் படிக்காதவருக்கு வன்முறை மட்டும் புரியாது.

மண்ணடி

எலும்பு பற்றிக் கேட்டீர்கள். அது வேறு கிளை, தடயவியல் மானுடவியல். அதற்கு எஸ்.டி.பி.எம்.-இல் அறிவியல் பக்கம் இருந்திருந்தால் நல்லது. யூஎஸ்எம் குபாங் கிரியான் வளாகத்தில் தடய அறிவியல் பட்டம் உண்டு. எலும்பிலேயே தேர்ச்சி பெற பிரிட்டனில் டண்டீ, போர்ன்மத் போன்ற இடங்களுக்குப் போகிறார்கள். கலைப்பிரிவு மாணவி இந்தப் பக்கம் தாண்டுவது கடினம், ஆனால் எலும்பு என்ன சொல்லும், என்ன சொல்லாது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

புதைகுழியைத் திறந்ததும் முதலில் கேட்பது எத்தனை பேர் என்று. எலும்புகள் கலந்து கிடந்தால் மண்டையோட்டை எண்ணி முடிவுக்கு வர முடியாது. எந்த எலும்பு அதிகம் திரும்ப வருகிறதோ, உதாரணமாக வலது தொடையெலும்பு, அதை எண்ணுவார்கள். 40 வலது தொடையெலும்பு என்றால் குறைந்தது 40 பேர். ஆணா பெண்ணா என்பதை இடுப்பெலும்பு சொல்லும். இளவயது என்றால் எலும்பு முனைகள் ஒட்டியிருக்கும் அளவை வைத்து வயதை ஓரளவு நெருங்கலாம். டிஎன்ஏவுக்குத் தொடையெலும்பின் நடுத்தண்டு, பல், உள்காதைச் சுற்றி இருக்கும் கெட்டியான மண்டையெலும்பு நல்லது. நம் நாட்டுப் புளிப்பு மண்ணிலும் ஈரத்திலும் மென்மையான எலும்பு சீக்கிரம் கரைந்துவிடும், பல் தங்கும்.

சயாம் ரயிலில் இது ஏன் அதிகம் உதவாது? 1943-இன் நடுவில் முகாம் முகாமாகத் தீர்த்துக்கட்டியது காலரா. காலரா ஓரிரு நாளில், சில நேரம் சில மணி நேரத்தில் ஆளைக் கொல்லும், எலும்பில் ஒரு தடமும் விடாது. நீண்ட நாள் ஊட்டக்குறைவு கண்குழிக் கூரையில் நுண்துளைகளாகத் தெரியலாம், ஆனால் அதை வைத்து எங்கிருந்து வந்தவர் என்று சொல்ல முடியாது. காலராப் பிணங்களை எரித்திருந்தால், நன்றாக எரிந்த எலும்பில் டிஎன்ஏ மிஞ்சுவது அரிது. 1990-இல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புக்காட்டில் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிவந்தன. ஆசியத் தொழிலாளர் என்று தெரிந்தது, பெயர் தெரியவில்லை. ஒப்பிட உறவினர் மாதிரியும் இல்லை, பட்டியலும் இல்லை.

போஸ்னியாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் ஏறத்தாழ 8,000 ஆண்களையும் பையன்களையும் கொன்று புதைத்தார்கள். பிறகு மறைப்பதற்காகப் புல்டோசரால் கிளறி வேறு குழிகளுக்கு மாற்றினார்கள். ஒரே ஆளின் எலும்புகள் நாலைந்து குழிகளில் கிடந்தன. ஆனாலும் பெரும்பாலோரை அடையாளம் கண்டுவிட்டார்கள், காரணம் தாய்மாரும் உடன்பிறந்தவர்களும் உயிரோடு இருந்து ரத்த மாதிரி கொடுத்தார்கள். எலும்பு பேசுவதற்கு மறுபக்கம் ஓர் உறவினர் பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலைத் தோட்டம் தோட்டமாகப் போட்டு வைப்பது உங்கள் தங்கை போன்றவர்கள் செய்ய வேண்டிய வேலைதான்.

நம் நாட்டிலேயே 2015 மே மாதம் பெர்லிஸ் வாங் கெலியானில் 139 புதைகுழிகள் கண்டுபிடித்ததையும் படிக்கச் சொல்லுங்கள். அது ஆள்கடத்தல் வழக்கு, இனப்படுகொலை அல்ல. ஆனால் அங்கே கிடந்தவர்களுக்கும் பெயர் கண்டுபிடிப்பதில் இதே பாடுதான்.

வரவு செலவு

சோறு போடுமா என்பதற்கு யாரும் நேராகச் சொல்லவில்லை. சொல்கிறேன்: விரிவுரையாளர் வேலைக்கு முனைவர் பட்டம் வேண்டும், இடம் குறைவு, போட்டி அதிகம். வன்முறை ஆய்வு என்று தனியாக ஆள் எடுக்கும் துறை இங்கே இருப்பதாக நினைத்து யாரும் படிக்க வேண்டாம். தென்கிழக்காசிய ஆய்வு, சமூக மானுடவியல், குடிபெயர்வு என்ற பெயர்களில்தான் விளம்பரம் வரும்.

வெளியே உள்ள வேலைகள்: மியன்மார் குற்றங்களுக்கு ஆதாரம் திரட்ட 2018-இல் ஐ.நா. அமைத்த விசாரணைப் பொறிமுறை ஜெனீவாவில் இருக்கிறது. இலங்கை குறித்து ஆதாரம் திரட்டிக் காக்க 2021 தீர்மானத்துக்குப் பிறகு ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தில் ஒரு பிரிவு செயல்படுகிறது. தமிழ் ஆவணத்தைப் படித்து, எது நேரில் கண்டது, எது கேள்விப்பட்டது என்று பிரித்து, ஆங்கிலத்தில் தரத் தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு உண்டு. கோலாலம்பூரில் அகதிகளோடு வேலை செய்யும் அமைப்புகள் இருக்கின்றன. ரோஹிங்கியா மக்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் இந்நாட்டில் அகதிகளாகப் பதிந்திருக்கிறார்கள். மலேசியா 1951 அகதி உடன்படிக்கையில் சேரவில்லை, அதனால் அவர்களிடம் பேட்டி எடுக்கும்போது கைது பயம் என்ற ஒன்று எப்போதும் அறைக்குள் உட்கார்ந்திருக்கும். இந்த வேலைகளில் பாதி 6 முதல் 12 மாத ஒப்பந்தம்தான். இபிஎஃப் (சேமநிதி), விடுப்பு எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

நிதி: இங்கிலாந்தில் ஒரு வருட முதுகலைக்கு செவனிங் உதவித்தொகை. அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட், மலேசியாவில் மாசீ (மலேசிய–அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற) அலுவலகம் வழியாக. முனைவர் பட்டக் கள ஆய்வுக்கு வென்னர்-கிரென் அறக்கட்டளை 25,000 அமெரிக்க டாலர் வரை தரும், எந்த நாட்டவரும் கேட்கலாம். இதில் அடிபடுவோர் பெரும்பாலும் ஒரே காரணத்துக்காகத்தான் அடிபடுகிறார்கள்: கொடுமையை விவரித்திருப்பார்கள், கேள்வி இருக்காது. மரண ரயிலில் மக்கள் பட்ட துயரைப் பதிவு செய்யப் போகிறேன் என்றால் பணம் வராது. துயரம் இருந்தது எல்லோருக்கும் தெரியும். தெரியாத எதைக் கண்டுபிடிக்கப் போகிறாய் என்றுதான் கேட்பார்கள்.

என் யோசனை, ஆசிரியர் பயிற்சியை இவ்வளவு இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். அல்லது ஆவணக்காப்பு, பர்மிய மொழி, புள்ளிவிவரம் என்று கைத்தொழிலாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளட்டும்.

பால்மரத்தான்

மூவருக்கும் நன்றி. கள ஏடு அண்ணா, கேள்வி வேண்டும் என்கிறார்களே, சயாம் விஷயத்தில் அப்படி என்ன கேள்வி மிச்சம் இருக்கிறது? போய் வந்தவர்களில் இந்தப் பக்கம் உயிரோடு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. தங்கை இந்த விடுமுறையிலேயே ஏதாவது தொடங்கலாமா?

கள ஏடு

1943-இல் 15 வயதாக இருந்தவர் இன்று நூறை ஒட்டி இருப்பார். ஆகவே அங்கே என்ன நடந்தது என்று கேட்கும் காலம் போய்விட்டது. வீட்டில் என்ன மிஞ்சியது, எதைப் பேசாமல் விட்டார்கள், ஏன் என்று கேட்கும் காலம் இது.

ஒரு முன்மாதிரி சொல்கிறேன். 1972 புருண்டி படுகொலையிலிருந்து தப்பித் தான்சானியாவுக்கு வந்த ஹூட்டு மக்களிடம் லீசா மால்கி 1980-களின் நடுவில் ஆய்வு செய்தார். ஒரு பகுதியினர் மிஷாமோ அகதி முகாமில், மற்றவர் கிகோமா நகரத்தில் கலந்து வாழ்ந்தார்கள். முகாமில் இருந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வரலாற்றை, ஒரே வரிசையில் சொன்னார்கள். நகரத்தில் கலந்தவர்கள் அந்த வரலாற்றை அப்படிச் சுமக்கவில்லை. அதே சம்பவம்தான், வாழும் இடம் மாறியதும் நினைவின் வடிவம் மாறிவிட்டது.

இதை இங்கே கொண்டுவந்து பாருங்கள். தோட்டத்திலேயே தங்கிய குடும்பம், செம்பனை வந்ததும் தோட்டம் துண்டாடப்பட்டதும் சேர்ந்து டவுன் பக்கம் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதி) தள்ளிவிட்ட குடும்பம், இரண்டிலும் சயாம் கதை ஒரே மாதிரி இருக்கிறதா? ஒரு வீட்டில் தாத்தா படம் சாமி மேடையில் இருக்கும், இன்னொரு வீட்டில் பெயரே தெரியாது. போனவர் திரும்பாத வீட்டில் கருமாதி எந்த நாளில் செய்தார்கள்? தேதி தெரியாத சாவுக்குத் திதி எப்படி வைத்தார்கள்? திரும்பி வருவார் என்று மனைவி எத்தனை வருடம் பொட்டு வைத்திருந்தார், மறுமணம் செய்துகொண்டாரா, முதல் கணவர் பிறகு வந்து நின்றபோது பஞ்சாயத்து என்ன சொன்னது? இதெல்லாம் நல்ல கேள்விகள். தமிழ் வீட்டு உறவு தெரியாத வெளியாளுக்குத் தோன்றாது.

மூணாவது கதவு

விடுமுறையில் தொடங்கலாம். ஆனால் பேட்டியில் தொடங்க வேண்டாம், லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) படத்தில் தொடங்குங்கள்.

பெரிய மணிலா அட்டை ஒன்று போதும். பழைய லயம் நினைவிருக்கும் பெரியவர் ஒருவரை உட்காரவைத்து, முதலில் கோயிலையும் தண்ணீர்க் குழாயையும் பெரட்டுக்களத்தையும் (காலையில் ஆளெடுக்கும் இடம்) போடச் சொல்லுங்கள். பெரியவர்கள் திசையை அந்த மூன்றை வைத்துத்தான் சொல்வார்கள். பிறகு லயம், பிறகு கதவு கதவாக. 1941 கடைசியில், ஜப்பான்காரன் வருவதற்கு முன், இந்தக் கதவில் யார்? பெயர், தகப்பன் பெயர், தமிழ்நாட்டில் எந்த ஊர், எந்தக் கங்காணியின் ஆள், யார் போனார், எப்படிப் போனார், யார் வந்தார். சயாமைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். மூணாவது கதவில் யார் இருந்தார் என்றால் ஒரு மணி நேரம் ஓடும்.

மூன்று நிறப் பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் கண்டது ஒரு நிறம், அப்பா அம்மா சொல்லக் கேட்டது ஒரு நிறம், ஊகம் ஒரு நிறம். இதைக் கலந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

எப்படிப் போனார் என்பதைத் துருவுங்கள். ஆரம்பத்தில் சம்பளம், அரிசி, மூன்று மாத வேலை என்று ஆசை காட்டினார்கள். அது பலிக்காதபோது தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்குக் கேட்டார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி, வந்தவர்களை லாரியில் ஏற்றியதும் உண்டு. கணக்குக் கேட்ட இடத்தில் யாரோ ஒருவர் பெயர் எழுதிக் கொடுத்திருப்பார்: கிராணியோ (தோட்டக் கணக்கர்) கங்காணியோ. அவர் பேரன் இன்று இரண்டு தெரு தள்ளி மளிகைக்கடை வைத்திருப்பார். இது கவனம். பெயர் கொடுத்தவர் விவரம் வந்தால் அட்டையில் எழுதாதீர்கள், தனிக் குறிப்பேட்டில் குறியெண்ணோடு எழுதுங்கள். ஊர்க்கூட்டத்தில் படம் வரைவதும் ஆகாது. ஒரு குரல் மேலோங்கும், மற்றவர் தலையாட்டுவார்கள், இல்லையென்றால் சண்டை வரும்.

இன்னொரு பொதுவான குழப்பம்: சயாம் போனார் என்பதெல்லாம் காஞ்சனபுரி அல்ல. 1943-இல் சும்போனிலிருந்து கிரா பூசந்திக்குக் குறுக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் இன்னொரு பாதை போட்டார்கள், மலாயாவிலிருந்து தமிழரும் மலாய்க்காரரும் போனார்கள். பர்மா போனார் என்றால் நேதாஜி படையாகவும் இருக்கலாம். கேட்டுப் பிரிக்கலாம். பான்போங்கில் இறங்கி நாள் கணக்காகக் காட்டுக்குள் நடந்தார்கள் என்றால் பெரிய பாதை. கடலோரம், படகு என்று வந்தால் கிரா. உடுப்பு, துப்பாக்கி, 1944 என்று வந்தால் படை. சிலர் ரயிலுக்குப் போகாமலிருக்கவே படையில் சேர்ந்தார்கள், அதனால் ஒரே வீட்டில் இரண்டும் இருக்கும்.

பேட்டிக்குக் காலை 9 முதல் 11 நல்ல நேரம். மத்தியானத்துக்கு மேல் மழை வந்தால் தகரக் கூரையில் ஒன்றும் கேட்காது. மின்விசிறியை நிறுத்துங்கள், பெரியவருக்கு வேர்க்கும் என்றால் தூரத்தில் தரையில் வையுங்கள். 90 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஒரு நாளைக்கு இரண்டு பேட்டிக்கு மேலும் வேண்டாம். மூன்றாவதில் கேட்பவரின் காது மரத்துப்போகும், கதைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். சட்டையில் குத்தும் மைக் இரண்டு, ஆளுக்கொன்று. வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். இரண்டு தடத்தில் மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி வரும். சத்தம் உச்சத்தில் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாமல் வைத்தால், அழுகையோ கோபமோ வந்து குரல் உயரும்போது பதிவு உடையாது. அன்றே மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு வீட்டில்.

எழுத்தாக்க ஒரு மணி நேரப் பேச்சுக்கு 6 முதல் 8 மணி நேரம் ஆகும். ஈலான் என்ற இலவச மென்பொருள் வசதியானது, எழுதிய வரியைச் சொடுக்கினால் அந்த இடத்துக் குரல் கேட்கும். பெரட்டு, தண்டல், பாசார் எல்லாம் வாயில் வந்தபடியே இருக்கட்டும். பல் போன பெரியவர் மலாய் கலந்து பேசும் தோட்டத் தமிழைத் தானியங்கிச் செயலிகள் கண்டபடி எழுதும், போதாததற்குக் குரல் யாரோ ஒருவர் சர்வருக்குப் போய்விடும்.

பழைய கோப்பு

பேட்டியை மட்டும் நம்பாதீர்கள், பக்கத்தில் காகிதமும் வேண்டும்.

போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல், அதில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலோருக்குப் பெயர் உண்டு. காஞ்சனபுரி போர்க் கல்லறையில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர் இருக்கிறார்கள். அதிகாரிகளும் டாக்டர்களும் ஒளித்து ஒளித்துப் பட்டியல் எழுதினார்கள். ஆசியத் தொழிலாளர் பக்கம் எழுத ஆளில்லை. சரணடையும்போது ஜப்பானியர் ஏராளமான கோப்புகளை எரித்தார்கள். அதனால் மலாயாவிலிருந்து 70,000-க்கு மேல் போனார்கள், எல்லா ஆசியத் தொழிலாளரிலும் 90,000 வரை செத்திருக்கலாம் என்பதெல்லாம் மதிப்பீடுதான். ஆய்வில் எந்த எண்ணைப் போட்டாலும் யார், எப்போது, எதை வைத்துக் கணக்கிட்டார் என்று பக்கத்திலேயே எழுத வேண்டும்.

கோலாலம்பூர் அர்கிப் நெகாராவில் (தேசிய ஆவணக் காப்பகம்) 1945–46 பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகக் கோப்புகள் இருக்கின்றன. திரும்பி வந்தவர்கள், விதவைகள், அநாதைப் பிள்ளைகள் பற்றி அங்கே தேட வேண்டும். லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் போர்க்குற்ற வழக்குக் கோப்புகள் டபிள்யூ.ஓ. 235 என்ற வரிசை. சிங்கப்பூரில் பிரிட்டிஷார் நடத்திய 131 வழக்குகளில் ரயில் தொடர்பானவையும் உண்டு. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு ஜப்பான் காலப் பேட்டிகளைச் சேர்த்து வைத்திருக்கிறது, பலவற்றை இணையத்தில் கேட்கலாம், தமிழிலும் உண்டு. தோட்டக் கம்பெனிகளில் கத்ரி கோப்புகள் லண்டன் சோவாஸ் பல்கலைக்கழகத்தில், ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு கோப்புகள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் (முன்பு லண்டன் மாநகர் ஆவணக் காப்பகம்).

தேடும்போது வழுக்கும் இடங்கள்: முனியாண்டி என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதியிருப்பார்கள், தகப்பன் பெயரும் செக்ரோல் (தோட்டத்துச் சம்பளப் பதிவேடு) எண்ணும் இல்லாமல் ஆளைப் பிடிக்க முடியாது. தோட்டத்துக்குக் கம்பெனி வைத்த பெயர் ஒன்று, ஜனங்கள் தமிழில் கூப்பிடும் பெயர் வேறு, கைமாறிய பிறகு வந்த பெயர் இன்னொன்று. மூன்றையும் ஒரு பட்டியலாக முதலில் போடுங்கள். காப்பக அட்டவணை அந்தக் கால ஆங்கிலத்தில் இருப்பதால் கூலி என்றும் தேட வேண்டும். தொழிலாளர் என்று மட்டும் தேடினால் பாதி வராது.

சுங்கை சிப்புட் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். 1948 ஜூன் 16-இல் அங்கே மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைகள் கம்யூனிஸ்டுகளால் கொல்லப்பட்டதும் அவசரகாலம் வந்தது. பிறகு தோட்டத்து லயங்களையும் முள்வேலிக்குள் கூட்டிவைத்தார்கள். சயாம் பற்றிக் கேட்கும்போது முள்வேலியும் ஊரடங்கும் சேர்ந்து வரும், இரண்டு காலமும் ஒன்றாகக் குழம்பும். ஜப்பானியக் கொடியா வெள்ளைக்காரன் சோதனையா என்று கேட்டுப் பிரியுங்கள்.

வேலுமணி_77

இவ்வளவு யோசிக்கணுமா? பெரியவங்க நாளைக்கு இருப்பாங்களா தெரியாது. போன்ல வீடியோ எடுத்து யூடியூப்ல போட்டுட்டா உலகமே பார்க்கும், அதுவே ஆவணம்தானே?

மூணாவது கதவு

எடுப்பது சரி, போடுவது வேறு. யார் பெயர் கொடுத்தார் என்று ஒரு பாட்டி சொன்னது யூடியூபில் போனால், அடுத்த வாரம் பாட்டியின் மகன் அந்த மளிகைக்கடைக்குப் போக முடியாது. பாட்டி அந்த ஊரில்தான் இருக்கப்போகிறார். எடுத்த பிள்ளை பல்கலைக்கழகம் போய்விடும்.

சம்மதத்தை மூன்றாகக் கேட்க வேண்டும்: பதிவு செய்யலாமா, காப்பகத்தில் வைக்கலாமா, பெயர் போடலாமா. முதலுக்குச் சரி என்பவர் மூன்றாவதுக்கு வேண்டாம் என்பார். கையெழுத்து, கைநாட்டு என்றதும் வீட்டு மனைப் பத்திரமோ என்று பெரியவர்கள் மிரள்வார்கள், தோட்டத்தில் கைநாட்டு வைத்துக் கெட்டவர்கள் பலர். தமிழில் வாசித்துக் காட்டி, வாய்ச் சம்மதத்தைப் பதிவின் தொடக்கத்திலேயே வாங்கலாம். எந்தத் தேதி வரை வேண்டாம் என்று சொல்லித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பதையும் சொல்லுங்கள்.

கள ஏடு

மூணாவது கதவு சொன்னதோடு ஒரு நடைமுறைச் செய்தி. பல்கலைக்கழக நெறிக்குழு ஒப்புதல் வருவதற்கு முன் திரட்டியதைப் பொதுவாக ஆய்வேட்டில் தரவாகப் பயன்படுத்த விடமாட்டார்கள். ஒப்புதலுக்கே சில மாதம் ஆகலாம், பாதிக்கப்பட்டவர்களிடம் பேட்டி என்றால் கேள்வித்தாளைக் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். ஆகவே விடுமுறையில் செய்வது ஊர் வரலாறாக இருக்கட்டும், லயத்துப் படத்தை ஊருக்கே கொடுத்துவிடட்டும். பிறகு ஆய்வாளராக வரும்போது அதே வீடுகளில் திரும்பச் சம்மதம் கேட்க வேண்டியதுதான்.

பால்மரத்தான்

தங்கை எல்லாவற்றையும் படித்தாள். யூபியூவில் மானுடவியலை முதலிலும் ஆசிரியர் படிப்பை இரண்டாவதிலும் போடுவதாக வீட்டில் சமரசம். வரவு செலவு அண்ணனுக்கு அப்பாவின் நன்றி தனியாக. ஒரே ஒரு கேள்வி: பேட்டியில் பெரியவர் அழுதால் பதிவை நிறுத்த வேண்டுமா?

மூணாவது கதவு

கையை நீட்டிப் பொத்தானை அமுக்காதீர்கள், அது அவர் வாயை அடைப்பது போல ஆகும். பேசாமல் இருங்கள். தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு நிமிடம் கழித்து, நிறுத்தட்டுமா என்று கேளுங்கள், அவர் சொன்னபடி செய்யுங்கள். வீட்டில் ஒரு மகளோ மருமகளோ இருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள், நீங்கள் கிளம்பிய பிறகு அவரோடு ஆள் வேண்டும். மறுநாள் ஒரு போன். அந்த இடம் பதிவில் எத்தனையாவது நிமிடம் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், எழுத்தாக்கும்போது அதை இரவில் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டாம்.